பதினோரு கண்

மார்ச் 2

அன்புள்ள நட்டுவுக்கு,

நானும் என் முட்டிவலியும் சௌக்கியம். உன் மாமாவும் அவருடைய இருமலும் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் நீ "ம்" என்பாய். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால்தான் பேனாவை எடுத்தேன். காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்குமில்லையா.

விஷயத்துக்கு வருகிறேன். சமையலறைப் பரணில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சாமானையெல்லாம் கீழே இறக்கினோம். அம்மாவின் பழைய துணிகளுக்கு அடியில் ஒரு சதுரமான பிஸ்கட் டின். மூடி துருவேறி, கத்தியால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. உள்ளே நாம் திருகிப் பூட்டி விளையாடின இரும்பு செட்டு! பச்சைப் பட்டைகள், சிவப்புத் தகடுகள், கப்பிகள், அந்தக் குட்டி ஸ்பேனர். உன் மாமா பார்க்காத நேரமாகப் பார்த்து முகர்ந்துகொண்டேன். அந்த எண்ணெய் வாசனை போகவே இல்லையடா.

பட்டையில் இருக்கிற துளையை நாம் ஓட்டை என்று சொன்னதே கிடையாது. கண். ஐந்து கண் பட்டை, ஏழு கண் பட்டை, பதினோரு கண் பட்டை. நீ இன்ஜினியர், நான் கூலி. நீ மாடியிலிருந்து கத்துவாய், நான் கீழே எண்ணி எடுத்துப் பூட்டுவேன். நான் பூட்டினது எதுவும் நீ பூட்டினதோடு ஒழுங்காகப் பொருந்தாது. "உன் பக்கம் மட்டும் ஏன்க்கா எப்பவும் இடிக்குது?" என்று குதிப்பாய்.

டின்னில் கழற்றாமல் விட்ட சாமான் ஒன்றும் இருக்கிறது. முழங்கை நீளம். இரண்டு முக்கோணங்கள் அக்கம்பக்கமாக, நடுவில் குறுக்குப் பட்டைகள். ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு கோணலாக நிற்கிறது. பாலமா, கோபுரமா, என்ன எழவு என்று தெரியவில்லை. எதைக் கட்டினாலும் அன்றைக்கே கழற்றிவிடுவோமே, இதை மட்டும் ஏன் விட்டோம்? மண்டை குடைகிறது. உடனே எழுது.

கடையில் எப்போதும்போல. ஒற்றைக் கண்காரி மூக்குக்கண்ணாடி பொருத்துகிறாளே என்று புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிரேமின் கடுகளவு திருகாணியை நான் ஒரே தடவையில் மாட்டிக் காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள்.

உன் அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். இவளும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாமா இருமலை அலட்சியப்படுத்த வேண்டாம்.

வேலை அதிகம். புது விதி ஒன்று வந்திருக்கிறது. இதுவரை லிஃப்டைப் பழுது பார்ப்பது நான், "பயணத்துக்குப் பத்திரமானது" என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடுவது கூட வருகிற சீனியர். இனிமேல் வேலை பார்த்தவனேதான் போட வேண்டுமாம். எனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் செப்டம்பர் கடைசி வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். அப்போதும் மாட்டேன் என்றால் உதிரிபாக ஸ்டோரில் உட்கார வேண்டியதுதான். லிஃப்டைத் தொட விடமாட்டார்கள். பார்க்கலாம்.

டின்னைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடு. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

உன் தம்பி

ஏப்ரல் 1

அன்புள்ள நட்டு,

ஒத்தடம் கொடுத்தேன், முட்டி கொஞ்சம் கேட்கிறது. மாமாவுக்கு மருந்து மாற்றியாயிற்று.

உன் கடிதத்தை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம். இரும்புக்காரரிடம் போடு என்கிறாயே, ஒரு காலத்தில் சட்டைப் பையில் நட்டோடு தூங்கி, அதனாலேயே பேர் வாங்கினவன் சொல்கிற பேச்சா இது?

போடமாட்டேன். டின் இப்போது கடையில் என் மேஜைக்கடியில் இருக்கிறது. கூட்டம் இல்லாதபோது எடுத்து வைத்து ஆராய்ச்சி செய்கிறேன். ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். ஒரு முக்கோணத்தில் போல்ட்டுத் தலையெல்லாம் வெளிப்பக்கம், அது உன் வேலை. இன்னொன்றில் எல்லாம் உள்பக்கம், அது என் கைவரிசை. ஆக இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது. என்ன அது?

அப்புறம் அந்தக் கையெழுத்து விவகாரம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் ஊருக்கு வந்தபோதெல்லாம் ஏறின ஒவ்வொரு லிஃப்டிலும் அந்தக் காகிதத்தைத் தேடிப் படித்திருக்கிறேன். முப்பது வருஷ மெக்கானிக், ஒரு காகிதத்திலும் உன் பேர் இல்லை. கடிதத்தின் அடியில்கூட நீ கையெழுத்துப் போடுவதில்லை, பார்த்தாயா? உனக்கு உயிரே அந்த வேலைதான். ஒரு கிறுக்கலுக்காக அதை விடுவேன் என்றால் உனக்கு நிஜமாகவே நட்டு கழண்டுவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஏன் என்று எழுது. எழுதும் வரை விடமாட்டேன்.

உன் அக்கா

மே 24

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏழு வாரம் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அது பாலமும் இல்லை, கோபுரமும் இல்லை. அதுதான் லிஃப்ட். மாடி வராந்தாக் கம்பியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றில் கூடை. கீழேயிருந்து உன் கதைப் புத்தகங்களை மேலே இழுக்க நான் போட்ட திட்டம். உனக்குப் பதினைந்து, எனக்குப் பன்னிரண்டு. சாய்வாகத் தாங்குகிற பட்டைக்கு நான் மேலேயிருந்து "பதினோரு கண்ணு" என்று கத்தினேன். ஒரு பக்கம் நான் பூட்டினேன், இன்னொரு பக்கத்தை நீ பூட்டி அனுப்பினாய்.

கம்பியில் கட்டி முடித்ததும் நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "நல்லா முறுக்கிட்டேன்க்கா, பயப்படாம வந்து கூடையை மாட்டு."

நீ வந்தாய். மாட்டினாய். நான் இழுத்தேன். நீ மேலே பார்த்தாய். கப்பியைத் தாங்கின அச்சுக்கம்பி நழுவி, கப்பியோடு உன் முகத்தில் விழுந்தது.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு என் சட்டைப் பையில் ஒரு நட்டு இருந்தது, அக்கா. ஒன்று மீந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒரு போல்ட்டுக்கு நான் நட்டே போடவில்லை. அந்த நட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. "அவன் சரியா முறுக்கல" என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

இன்றைக்கும் ஒரு போல்ட்டை மூன்று தடவை முறுக்குகிறேன். ஆனால் "பத்திரம், வந்து ஏறு" என்று இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்க என் கை வராது. இதுதான் காரணம். நீ கேட்டாய், எழுதிவிட்டேன்.

உன் தம்பி

ஜூன் 2

அடேய் நட்டு,

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். கடிதம் நேற்று வந்தது. கடையை அரை மணி முன்னாலேயே பூட்டிவிட்டு, டின்னைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அழுதேன், அதை மறைக்க மாட்டேன். அந்தச் சாமானை அன்றைக்குக் கீழேயிருந்து ஒரு நொடி பார்த்ததோடு சரி, அதனால்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்யாணத்துக்கு வந்தால்கூட நல்ல கண் இருக்கிற என் வலது பக்கமாகவே வந்து நின்றுகொள்வாய். நான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குள் இப்படி ஒன்று கிடக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

இப்போது கேள். கடையில் இருக்கிற பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். உன் பக்கத்தில் ஒன்பது போல்ட்டு, ஒன்பது நட்டு. நட்டில்லாத போல்ட்டு ஒன்றுகூட இல்லை. போல்ட்டு இல்லாத இணைப்பும் இல்லை. என் பக்கமும் அப்படித்தான். உன் பையில் இருந்தது வெறும் உபரி. நீ எப்போதும் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறவன்தானே!

இன்னொன்று. உன் பக்கத்தில் ஒரு நட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஸ்பேனரைப் போட்டேன். அசையவில்லை. மாமாவும் முயன்றார், அவர் விரல்தான் சிவந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கழித்தும் அசையாத முறுக்கு அது.

அப்படியானால் ஏன் விழுந்தது? எனக்கு இப்போது அதுதான் கேள்வி. நீ மெக்கானிக், சொல்.

உன் அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

முட்டி எப்படி இருக்கிறது? மாமாவின் விரல்?

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய், சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் ரூமில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். ஒன்பதுக்கு ஒன்பது. நிஜமாகவா? துருவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் நட்டே போடாத போல்ட்டு அங்கே நிற்காது, விழுந்திருக்கும். நீ சொல்வது சரி.

அப்படியென்றால் கம்பி ஏன் நழுவியது? யோசித்து யோசித்து நேற்று ஒரு லிஃப்டை இரண்டாம் மாடியில் நிறுத்திவிட்டு மறந்தே போனேன். உள்ளே இருந்தவர் மணி அடித்தார்.

அச்சுக்கம்பி இரண்டு முக்கோணத்தின் நுனிக் கண்களிலும் நுழைந்து படுத்திருக்க வேண்டும். நுனி இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் கம்பி அசையாது. ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் கயிற்றை இழுக்க இழுக்கக் கம்பி தாழ்ந்த பக்கம் நழுவும். சாமான் கோணலாக நிற்கிறது என்று எழுதியிருந்தாயே. விழுந்ததால் கோணலா, இல்லை கோணலாக இருந்ததால் விழுந்ததா?

ஒரு காரியம் செய். இரண்டு பக்கத்திலும் சாய்வுப் பட்டைக்கு எத்தனை கண் என்று எண்ணி எழுது. இரண்டும் பதினொன்றாக இருக்க வேண்டும். மெதுவாக எண்ணு, அவசரமில்லை. இல்லை, அவசரம்தான். மேனேஜர் நேற்று மறுபடி கேட்டார். முதல் தடவையாக "முடியாது" என்று சொல்லாமல் "பார்க்கிறேன்" என்றேன்.

உன் தம்பி

ஜூன் 23

அன்புள்ள நட்டு,

எல்லோரும் நலம். மாமாவின் விரல் ஆறிவிட்டது, பெருமைதான் ஆறவில்லை.

நீ இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததே இல்லை. மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். "ரெண்டு பேரும் போலீஸ்ல சேந்துடுங்க" என்றார்.

எண்ணிவிட்டேன். விரலை வைத்து மூன்று தடவை. உன் பக்கம் பத்து கண். என் பக்கம் பதினொன்று. நீ பதினொன்று என்றுதானே கத்தினாய்? அப்படியானால் கூலிக்காரி ஒரு தடவையாவது சரியாக எடுத்திருக்கிறாள்! நாற்பத்திரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு மார்க் போடு.

இதிலிருந்து ஏதாவது தெரிகிறதா? ஆவலாக இருக்கிறேன்.

உன் அக்கா

ஜூலை 5

அக்கா,

நலம். தெரிந்துவிட்டது. உனக்குப் பதினொன்று என்று கத்திவிட்டு நான் பத்தை மாட்டியிருக்கிறேன். என் பக்க நுனி தாழ்ந்து, கம்பி நழுவியிருக்கிறது. இத்தனை நாள் ஒரு நட்டை மறந்தேன் என்று நினைத்திருந்தேன். இல்லை, எண்ணவே தெரியாமல் இருந்திருக்கிறேன். இப்படிப்பட்டவன் பத்திரம் என்று எழுதிக்கொடுக்கக் கூடாது. ஸ்டோருக்கே போகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அக்டோபர் முதல் தேதியிலிருந்து.

டின்னை மூடி வை.

தம்பி

ஜூலை 11

நட்டு,

என்னடா இது? பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு கண் தப்பவிட்டதற்கு ஐம்பத்து நாலு வயது ஆள் தண்டனை அனுபவிப்பதா? எனக்கு உன்மேல் ஒரு துளி வருத்தமும் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை. வார்த்தையைத் திரும்ப வாங்கு. போன் பண்ணினேன், "ம்" என்றாய். பதில் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. நீ எழுதாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நான் எழுதாததற்குக் காரணம் வெட்கம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பரண் குழாய் மறுபடி ஒழுகியது. அதைத் தாங்க ஒரு பட்டை வைக்கலாம் என்று மாமா ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு டின்னிலிருந்து ஏழு கண் பட்டை ஒன்று கேட்டார். எண்ணி எடுத்து நீட்டினேன்.

"ஏழு கேட்டா எட்டைக் குடுக்குற?"

"ஏழுதாங்க. எண்ணித்தான் எடுத்தேன்."

இறங்கி வந்தார். "எங்க, என் முன்னாடி எண்ணு பாப்போம்."

முதல் கண்ணில் விரலை வைத்தேன். அங்கிருந்து அடுத்ததற்குத் தாவி "ஒண்ணு" என்றேன். அடுத்ததற்குத் தாவி "ரெண்டு". கடைசிக்கு வந்தபோது ஏழு.

அவர் சிரித்துவிட்டார். "நீ கண்ணை எண்ணல. தாண்டுறதை எண்ணுற."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே டின்னுக்குப் போய் அந்த லிஃப்டை எடுத்தேன். இந்தத் தடவை முதல் கண்ணிலேயே "ஒண்ணு" என்று ஆரம்பித்து எண்ணினேன். உன் பக்கம் பதினொன்று. என் பக்கம் பன்னிரண்டு.

புரிகிறதா? நீ கேட்டதைத்தான் நீ மாட்டினாய். நான்தான் ஒரு கண் கூடுதலாக எடுத்தேன். அன்றைக்கும் அப்படித்தான் எண்ணினேன், ஜூனிலும் அப்படித்தான் எண்ணி உனக்கு எழுதினேன். நான் பூட்டினது எதுவும் உன்னோடு பொருந்தாமல் போனதற்கு இதுதான் காரணம். ஒரே தப்பை இரண்டு தடவை செய்திருக்கிறேன். முதல் தடவை என் கண் போனது. இரண்டாம் தடவை உன் வேலை போகப் பார்க்கிறது.

இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இவ்வளவு காலமும் நான் உன்னை மன்னித்தவளாக இருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் உள்ளுக்குள் அது ஒரு பெருமை. என் கண்ணைப் பறித்தவனை ஒரு வார்த்தை திட்டாதவள் நான் என்று. அம்மா "அவன் சரியா முறுக்கல" என்றபோது கட்டிலில் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன், மறுக்கவில்லை. மன்னிக்க அங்கே ஒன்றுமே இருந்ததில்லை, தம்பி. அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

போனில் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்பாய். அதனால் அந்த லிஃப்டை அப்படியே துணியில் சுற்றிப் பார்சலில் அனுப்புகிறேன். போல்ட்டுத் தலை வெளியே இருப்பது உன் பக்கம். நீயே எண்ணு. செப்டம்பர் முடிய இன்னும் நாள் இருக்கிறது.

உன் அக்கா

செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை.

பார்சல் பன்னிரண்டாம் தேதி வந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்து நானும் இவளும் தனித்தனியாக எண்ணினோம். பதினொன்று, பன்னிரண்டு. பிறகு நாலாவது வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. அவரும் அதையே சொன்னார். என் பக்கத்து நட்டு ஒன்றைக் கழற்ற என் வேலை ஸ்பேனரையே போட்டுப் பார்த்தேன். வரவில்லை. நட்டு கழலவே இல்லை, அக்கா.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று தப்பு. தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நீ அனுப்பின பக்கம் அன்றைக்கும் இடித்தது. குறுக்குப் பட்டை சேரவில்லை. சேராததைக் கண்டுகொண்டே, அவசரத்தில், இழுத்துப் பிடித்துப் பூட்டியவன் நான். அதுதான் இந்தக் கோணல். ஒரு மெக்கானிக் செய்யக் கூடாதது அது, பன்னிரண்டு வயதிலும் கூடாது. அதனால் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. முழுதும் உன்னுடையது என்று நீ எடுத்துக்கொண்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழுசாகச் சுமந்து பார்த்தவன் சொல்கிறேன், பாதி ஒன்றும் பெரிய கனமில்லை.

பதினைந்தாம் தேதி மேனேஜரிடம் போய், ஸ்டோருக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். நேற்று ஓர் ஐந்து மாடிக் கட்டடம். எல்லாம் முடித்துவிட்டு, எதுவாவது இடிக்கிறதா என்று மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன். இடிக்கவில்லை. காகிதத்தை எடுத்தால் என் கையெழுத்து எனக்கே மறந்துபோயிருக்கிறது. பழைய பேப்பரில் நாலு தடவை போட்டுப் பழகிவிட்டுப் போட்டேன். அடுத்த தடவை நீ வரும்போது ஏறிப் பார். கதவுக்கு இடது பக்கம் ஒட்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் நான் வருகிறேன். அக்டோபரில் நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன். அந்த லிஃப்டையும், என்னிடம் இருக்கிற நட்டையும் கொண்டுவருகிறேன். நட்டு டின்னுக்குள் போக வேண்டும். உன் பக்கத்துச் சாய்வுப் பட்டையை மாற்றிப் பூட்டுவோம், நீ எடுத்துக் கொடு. எண்ணுவதை மட்டும் மாமாவிடம் விட்டுவிடு.

இந்தத் தடவை உன் இடது பக்கத்தில் உட்காருகிறேன். கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்க வேண்டியது உன் பாடு.

இப்படிக்கு, கீழே கையெழுத்திட்டிருக்கும்
நட்டு